குடிலில் காய்ந்த சட்டை

பத்மாசினி புருசனின் வெள்ளைச் சட்டையை முகத்தோடு அழுத்தி, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள். யாராவது பார்த்திருந்தால், கலியாணமாகிப் பதினொரு வருசத்துக்குப் பிறகும் மனிசன் மேல் இப்படி ஒரு ஆசையா என்று வாயைப் பிளந்திருப்பார்கள்.

அவளோ மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தாள். சந்தேகமேயில்லை, சந்தனச் சவுக்காரம்.

சண்டையால் பாதை பூட்டி, சவுக்காரம் முதலாய்ச் சாமான் எதுவும் வராமல், யாழ்ப்பாணம் முழுக்கச் சாம்பலில் துணி தோய்த்துக்கொண்டிருந்த தொண்ணூற்றோராம் ஆண்டு அது. காலையில் வேர்வையோடு சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிள் மிதித்த மனிதன், பின்னேரம் கழுத்துப் பட்டி ஈரமாக, சந்தனம் மணக்கத் திரும்பி வந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்?

பஞ்சலிங்கம் உடுவில் பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். அவனுடைய சைக்கிள் கடைக்குப் பக்கத்துத் தையல்காரி அருந்ததியின் வாசல் படலையடியில் நிற்பதாகப் பக்கத்து வீட்டு இரத்தினம்மா ஏற்கெனவே காதில் போட்டிருந்தாள்.

"அவள் புத்தூரிலை வாழ்க்கைப்பட்டவள். புகையிலைத் தோட்டம் செய்த புருசன் செத்து ரண்டு வருசம். அந்தாளின்ரை சால்வையை இன்னும் தோய்க்காமல் தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கிறாளாம்."

"செத்தவன்ரை சால்வை தலைமாட்டிலை, என்ரை மனிசன் படலையடியிலையோ? நல்ல நடிப்பு!"

பிள்ளை இல்லாத வீட்டில் பத்மாசினிக்கென்று இருந்தது அந்த ஒரு மனிதன்தான். அவனையும் இன்னொருத்தி கொண்டுபோவதா?

சண்டை பிடித்தால் அதையே சாட்டாக வைத்துக்கொண்டு போய்விடுவான். அழுதால் அந்தத் தையல்காரிக்குத்தான் கொண்டாட்டம். இரண்டு நாள் யோசித்து, வாசத்தால் சேர்ந்ததுகளை நாற்றத்தால் பிரிப்பது என்று பத்மாசினி முடிவு கட்டினாள்.

வளவின் பின்பக்கம் அவள் தகப்பன் தம்பிஐயாவின் புகையிலைக் குடில் இருந்தது. பங்குனி மாதம், வெட்டின புகையிலையை உள்ளே தூக்கிக் கட்டி, கீழே தேங்காய்ப் பொச்சுமட்டையைக் கொளுத்திப் புகை போடுகிற காலம். ஐந்து நிமிசம் உள்ளே நின்றவன் குளித்தாலும் அந்த வாசம் போகாது. புருசனின் நாலு சட்டையையும் கொண்டுபோய்ப் புகையிலைக்கு நடுவில் கட்டித் தொங்கவிட்டாள்.

அடுத்த நாள் காலையில் பஞ்சலிங்கம் துள்ளிக் குதித்தான்.

"என்னப்பா இது, சட்டை உப்பிடி நாறுது?"

"வெள்ளைத் துணி வெளியிலை காய்ஞ்சால் குண்டு போட வாற பொம்பர்க்காரன்ரை கண்ணிலை படுமெண்டு சொல்லுகினம். அதுதான் குடிலுக்கை போட்டனான்."

பொம்பரைச் சொன்ன பிறகு எவன் வாயைத் திறப்பான்? மூக்கைச் சுளித்துக்கொண்டு சைக்கிளில் ஏறினான். பத்மாசினிக்கு அன்று மத்தியானம் சோறு இரண்டு பிடி கூடவே இறங்கியது.

"உம்மடை மனிசன் கிட்ட வந்தால் சங்கக்கடையிலை சனம் மூக்கைப் பொத்துதாம்" என்று இரத்தினம்மா வேலியால் எட்டிச் சொன்னபோது, அவளுக்கு வந்த சந்தோசத்தில் அரைக் கொத்து அரிசி கடன் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள்.

ஒவ்வொரு பின்னேரமும் சட்டையை மோந்து பார்த்தாள். நாலாம் நாள் சந்தன வாசம் குறைந்தது. பத்தாம் நாள் அறவே இல்லை. வெறும் புகையும் வேர்வையும்தான்.

மூன்றாம் கிழமை கொஞ்சம் இரக்கம் வந்து, வெயிலில் காய்ந்த சட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"உது வேண்டாம். குடிலுக்கை கிடந்ததையே தாரும்" என்றான் பஞ்சலிங்கம்.

ஆள் அடங்கிவிட்டான் என்று அவள் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் வெற்றியை வீட்டுக்குள் பூட்டி வைத்து என்ன செய்வது? தோற்றவளின் முகத்தைப் பார்த்தால்தான் மனம் ஆறும். வெள்ளிக்கிழமை காலை குடிலுக்குள் நெருப்பைத் தூண்டிவிட்டு, உடுத்த சேலையோடே உடுவிலுக்குப் புறப்பட்டாள்.

தையல் மெசினில் குனிந்திருந்த அருந்ததி, பத்மாசினி வாசலில் ஏறியதும் சட்டென்று நிமிர்ந்தாள். அவளில் மெசின் எண்ணெயும் புதுத்துணியும் மணத்தனவே ஒழிய, சந்தனத்தின் சாடைகூட இல்லை.

"நீங்கள் மனேச்சரின்ரை மனிசி போலை. அதே புகை மணக்குது. இருங்கோ அக்கா."

"நான் இருக்க வரேல்லை. என்ரை மனிசன் சந்தனம் மணக்க வரேக்கை உமக்கு இனிச்சதென்ன? இப்ப கிட்ட நிக்க ஏலாமல் நாறுதோ? நான்தான் சட்டையளைக் குடிலுக்கை போட்டனான். நல்லாய் அனுபவியும்!"

பேசி முடித்தபோது பத்மாசினிக்கு மூச்சு வாங்கியது. மூன்று கிழமையாகச் சேர்த்து வைத்ததெல்லாம் கொட்டியாயிற்று.

அருந்ததி மெசின் சில்லைக் கையால் நிறுத்தினாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கியது.

"நாலு மாசமாய் அவர் கடைக் கிணத்திலை சந்தனச் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு வந்து படலையடியிலை நிண்டவர். எனக்கு அந்த வாசம் குமட்டும். ஒரு நாள் கூட நான் ஏறெடுத்துப் பாக்கேல்லை, அக்கா."

பத்மாசினி ஒரு அடி கிட்டப் போனாள்.

"இப்ப..?"

"இப்ப, அந்த நாளிலை குடிலாலை வாற என்ரை மனிசன் மாதிரியே மணக்கிறார். நான் படலையைத் திறந்திட்டன், அக்கா."