லெட்டியின் கடைசி வார்த்தை

விக்டோரியா ராணி காலத்தில் லண்டனையே அழவைத்த ஒரு நாவலாசிரியரின் கதையை வேலாயுதம் தமிழில் தழுவி எழுதிக்கொண்டிருந்தார். நாயகி லெட்டி பேச வேண்டிய இடம் வந்தால் அடுக்களைப் பக்கம் திரும்பி, "அம்சா, இந்த இடத்துல நீ என்ன சொல்லுவே?" என்று மனைவியைக் கேட்பார். அவள் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, "லெட்டி மாதிரி ஒருத்தி கிடைக்கணுமே!" என்று உருகுவார். தன் பேச்சுக்கு எவளோ பெயர் வாங்குகிறாளே என்று அம்சவேணிக்கு வயிறு எரியும்.

கடைசி அத்தியாயத்தில் லெட்டி சாகக் கிடந்தாள்.

"புருஷன்கிட்ட கடைசியா என்ன சொல்லுவே?"

அம்சவேணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"ஒரு நாள்கூட உங்களை எனக்குப் பிடிச்சதில்லைன்னு சொல்லுவேன்."

"அடடா, லெட்டி!" என்றார் வேலாயுதம், தலை நிமிராமல் எழுதியபடியே.