ஒரே பாத்திரம்

தேவாலயத்தில், ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகும் நற்கருணைக்கு முழங்காலிட்டிருந்தவர்கள், சபையின் பழைய போதகரான யோவேல் ஐயர் பக்கத்தில் வந்து முழங்காலிட்டதும் எழுந்துவிட்டார்கள். குடித்துக் கிடந்து ஓர் அடக்க ஆராதனைக்கு வராமல் போனதால் பதவி பறிக்கப்பட்டவர் அவர். அன்று சவப்பெட்டிக்குள் காத்துக் கிடந்தது ஞானப்பூவின் கணவர்.

"இவரு வாய் வச்ச பாத்திரத்துல நாங்களும் குடிக்கணுமா? ஞானப்பூ, நீயே சொல்லு" என்றார் சபைக் கமிட்டி உறுப்பினர் செல்லையா.

"அன்னைக்கு அவருக்கு ஊத்திக் குடுத்து, அதே கிளாஸ்ல நீங்களும்தான குடிச்சீங்க அண்ணாச்சி? அப்ப கூசலையோ?"

ஞானப்பூ போய் யோவேல் அருகில் முழங்காலிட்டாள். அவர் அழுதார்.

"அழாதீங்க ஐயரே, எரிச்சலா வருது. உங்க மேல எனக்குக் கோபம் தீரல. கொஞ்சம் தள்ளுங்க."

பாத்திரத்தோடு வந்த புது ஐயர் தயங்கி நின்றார்.

"அவருக்குக் குடுங்க. பொறவு எனக்கு."