பொண்ணு பின்னுன லேஸ்

"இது பொண்ணு பின்னுனதுதானே?"

மேசை மேல கெடந்த லேஸ் விரிப்பைத் தூக்கிப் பாத்துக்கிட்டே கேட்டாங்க மாப்பிள்ளையோட அம்மா வியாகுலமேரி.

"அவதாங்க. ஊசியும் நூலும் குடுத்துட்டா சோறு தண்ணியே வேணாம் அவளுக்கு" என்றேன் நான்.

பச்சைப் பொய். நான் பொண்ணுக்குச் சித்தி. எங்க அக்கா போனதுலேருந்து மரிய செல்வி கல்யாணம் என் தலையிலதான். அவளுக்கு ஒரு பட்டன் தைக்கக்கூட வராது. பின்னுனது அவ அப்பா, எங்க அத்தான் சந்தனசாமி. கறம்பக்குடி பஸ் ஓட்டுற டிரைவர், முறுக்கு மீசைக்காரரு. கால் ஒடிஞ்சு மிஷன் ஆஸ்பத்திரியில மூணு மாசம் கெடந்தப்ப, பொழுது போகட்டும்னு ஒரு சிஸ்டர் குரோஷா ஊசியக் கையில குடுத்துட்டாங்க. அன்னைக்குப் பிடிச்சவரு, இன்னும் விடல.

போன வருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொம்பதுல, நல்ல சம்மந்தம் ஒண்ணு இதனாலயே தட்டிப்போச்சு. "பொம்பள வேலை பாக்குற ஆளு வீட்டுலயா பொண்ணெடுக்குறது"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதான் இந்தத் தடவை அத்தான்கிட்ட கறாராச் சொல்லியிருந்தேன். "நீங்க வாயே தொறக்கக் கூடாது. எல்லாம் செல்வி பின்னுனது."

"எங்களுக்கு நகை நட்டெல்லாம் பெருசில்லைங்க. வர்ற மருமகளுக்குப் பின்னத் தெரியணும், அம்புட்டுத்தான்" என்ற வியாகுலமேரி, பைக்குள்ளேருந்து ஊசியும் நூல்கண்டும் எடுத்தாங்க. "ரெண்டு வரிசை பின்னிக் காட்டும்மா."



செல்வி ஊசியக் கரண்டி பிடிக்கிற மாதிரி பிடிச்சா. நூலு விரலெல்லாம் சுத்திக்கிச்சு.

"புது ஆளுங்க முன்னால கூச்சப்படுறா" என்று சமாளிச்சேன்.

மக முழிக்கிறதப் பாத்து அத்தானுக்குப் பொறுக்கல. "அத இங்கிட்டுக் குடும்மா. அவளுக்குத் தெரியாதுங்க. இதெல்லாம் நான் பின்னுனது."

போச்சு. இந்த மனுசன் பொண்ணக் கரையேத்துன மாதிரிதான்னு பல்லக் கடிச்சேன்.

வியாகுலமேரி அத்தானை ஏற எறங்கப் பாத்தாங்க. "நீங்களா? எங்க, பின்னுங்க பாப்போம்."

அத்தான் தலையக் குனிஞ்சுக்கிட்டே பின்ன ஆரம்பிச்சாரு. ஸ்டியரிங் பிடிச்சுப் பிடிச்சுக் காச்சுப்போன வெரலு, நூலு மட்டும் சொன்னபடி கேட்டுச்சு.

"மாமா, ஒரு நிமிசம்."

மாப்பிள்ளை சவரியப்பன் நாற்காலிய இழுத்துக்கிட்டு அத்தான் பக்கத்துல வந்து ஒக்காந்தாரு. "மூலையில திரும்புறப்ப எனக்கு எப்பவும் சுருங்கிருது. நீங்க எத்தன கண்ணி கூடப் போடுறீங்க?"

"அஞ்சு" என்ற அத்தான், அப்புறம்தான் நிமிர்ந்து பாத்தாரு.

வியாகுலமேரி நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியாடா?"

"அப்ப, மாப்பிள்ளைக்கும் இது தெரியுமாங்க?" என்றேன்.

"தாலுகா ஆபீஸ் விட்டு வந்தா அவனுக்கு இதே வேலைதான். இந்த ஊசியே அவனோடதுதாங்க."

செல்வி மொத தடவையா மாப்பிள்ளைய நேராப் பாத்துச் சிரிச்சா. அத்தான் மீசையும் சிரிச்சுச்சு. எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு.

"அப்புறம் ஏங்க மருமகளுக்குப் பின்னத் தெரியணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்க?"

வியாகுலமேரி பெருமூச்சு விட்டாங்க.

"வீட்டுக்கு வர்ற சனமெல்லாம் லேஸப் பாத்துட்டு யாரு பின்னுனதுன்னு கேக்குது. நான்தான்னு சொல்லிட்டு, சனிக்கெழமை தவறாம கோயிலுக்குப் போயி சாமியார்கிட்ட அந்தப் பொய்யச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்றேன். எட்டு வருசமாச்சு, அவரே அலுத்துட்டாரு. பின்னத் தெரிஞ்ச மருமகளா வந்தா, அவ பின்னுனதுன்னு சொல்லிக்கலாம், அந்தப் பொய்யில பாதியாச்சும் நெசமாயிரும்னு பாத்தேன்!"