சேராத கட்டை

“இது சேராது. திருப்பி அனுப்பு” என்றார் கொய்கோ.

தெசாங்காவுக்கு வந்ததே கோபம்! அவளுடைய துப்பாக்கியின் குழலைத் தாங்கும் பழைய மரக்கட்டை, அவளே ஓட்டும் பேருந்தின் கதவில் சிக்கிப் பிளந்துபோனது. இது நிஷ் நகரத்திலிருந்து வரவழைத்த புத்தம்புதுக் கட்டை. மாவட்டப் போட்டிக்கு இன்னும் ஒன்பதே நாள்.

“பெட்டியில பேரைப் பாருங்கண்ணே. என் துப்பாக்கிக்கும் இதே பேர்தான்!”

“பேர் ஒண்ணுதான். பழைய அச்சு வேற, புது அச்சு வேற. ரெண்டு திருகுக்கும் நடுவுல நாலு மில்லிமீட்டர் உதைக்குது.”

“ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிடலாமே?”

“ஆக்கலாம். கட்டை உக்காரும். குண்டுதான் ஊர் சுத்தும்.”

எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான், பழுது பார்ப்பவரும் அவர்தான். நாலு வருடமாகத் தெசாங்காவை இரண்டாவது இடத்துக்குத் தள்ளிக் கோப்பையைத் தூக்கிப் போகும் ஸ்மீல்யாவின் கணவரும் அவரேதான்! ஊர் வாய் சும்மா இருக்குமா?

“பெண்டாட்டி கோப்பைக்குப் புருஷன் காவல்” என்று காபிக் கடையில் முதலில் கொளுத்திப் போட்டவன் நான்.

ஆறாம் நாள் மாற்றுக் கட்டை வந்தது. திருகுகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. தெசாங்கா கைதட்டினாள்.

கொய்கோ விடவில்லை. குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நுழைத்து இழுத்தார். பாதியில் நின்றுவிட்டது.

“மரம் குழலைத் தொடுது. சுடும்போது குழல் அதிர இடம் வேணாமா? கழட்டு.”

மெழுகுவத்திப் புகையை இரும்பில் படியவிட்டு, கட்டைக்குள் அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டினார். மறுபடி காகிதம். மறுபடி கழற்றல். குண்டு ஏற்ற இழுக்கும் போல்ட் கைப்பிடி மரத்தில் உரசுகிறதா என்று நூறு தரம் இழுத்துப் பார்த்திருப்பார்.

“இப்ப எடை போடணும். அப்புறம் நீளம், உயரம். அந்த விதிப் புத்தகத்தை எடு.”

“நாளான்னிக்குப் போட்டிண்ணே! நான் சுடவே கூடாதுன்னு நேராச் சொல்லிடுங்களேன்!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அளவு எழுதியிருக்கேன். கையெழுத்துப் போடு. நீயும் சாட்சிக்குப் போடுய்யா.”

போட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படியும் ஒரு மனுஷனா!

ஞாயிற்றுக்கிழமை. அறுபது குண்டு. ஸ்மீல்யா ஐந்நூற்று எண்பத்தெட்டில் முடித்தாள். தெசாங்காவின் கடைசிக் குண்டு நட்டநடுவில் பாய்ந்தது. ஐந்நூற்றுத் தொண்ணூறு!

அரங்கமே எழுந்து கத்தியது. பேருந்து ஓட்டிப் பழகிய கை, என்னை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது.

அப்போதுதான் ஸ்மீல்யா நடுவர் மேசைக்குப் போனாள்.

“அவ கட்டையை மாத்தியிருக்கா. அளவு விதிக்குள்ள வராது. இந்தாங்க மனு.”

பெல்கிரேடிலிருந்து வந்த நடுவர் கறாரானவர். “பாகத்தை மாத்தினா, போட்டிக்கு முன்னாடி அளந்த சான்று இருக்கணும்மா. இல்லேன்னா இந்த மதிப்பெண் செல்லாது.”

தெசாங்கா சட்டென்று கொய்கோவைத் திரும்பிப் பார்த்தாள்.

கொய்கோ நிதானமாக முன்னால் வந்தார். கோட்டுப் பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினார். நீளம், உயரம், எடை, தேதி, கையெழுத்து, சாட்சி. சங்கத்தின் முத்திரைகூடக் குத்தியிருந்தார். நடுவர் தன் கையாலேயே எல்லாவற்றையும் திரும்ப அளந்தார். மயிரிழை மாறவில்லை.

மனுவை ஸ்மீல்யாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கோப்பையைத் தெசாங்காவின் கையில் வைத்தார்.

அவள் கோப்பையோடு ஓடிவந்து கொய்கோவைக் கட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாகக் குலுங்கினாள். எனக்கோ அவர் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பிளம் சாராயத்தை ஊற்றிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டேன்.

“மனு வரும்னு உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

அவர் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையில்லாமல் நின்ற மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“முப்பத்தோரு வருஷமா அவகூடக் குடும்பம் நடத்தறேன்யா. தோத்தா என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாதா?”