மயில் வைத்த பொட்டலம்

காளியண்ணன் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி நின்றார். வெளியே போகிற ஒவ்வொருவரும் மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். காதுகுத்துக் குழந்தைக்குத் தாய்மாமன் கொண்டுவந்த தங்க அரைஞாணைச் சீர்த்தட்டில் காணோம்.

முதல் ஆளாகப் போய்க் கையைத் தூக்கி நின்றவன் பொங்கியண்ணன்.

"நான் மலைக்குக் கீழ இருந்து வந்தவனுங்க. முதல்ல என்னையப் பாத்துருங்க."

பார்த்தார்கள். வேட்டி மடிப்பு, தலைத்துண்டு, பசைச் சட்டி, கத்தரி வைத்த பை எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவன் பங்குப் பலகாரப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துக் கொட்டினார்கள். எள்ளுருண்டைதான் உருண்டது. வெளியூர்க்காரனை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று அர்த்தனாரிக்கு வெட்கமாகப் போயிற்று.

பொங்கியண்ணன் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். காகித வேலையில் சூரன். விசேஷ வீடுகளுக்கு அழைப்பு அட்டையும், பலகாரம் போட்டுக் கொடுக்க வண்ணக் காகிதக் கூம்பும் செய்து தருவான். மிளகு விற்கக் கீழே போன காளியண்ணன் ஒரு கல்யாண வீட்டில் அவற்றைப் பார்த்துச் சொக்கிப்போய், அதுவரை இலையில் பலகாரம் கட்டிக் கொடுத்த, மலைமேல் இருக்கும் இந்தக் குண்டூர் நாட்டுக்கு அவனைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். இங்கே எழுத்துப் படிப்பவர்கள் குறைவு. அதனால் அழைப்பு அட்டையில் ஒரு காதையும் கம்மலையும் வெட்டி ஒட்டி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தான். அட்டையை வாங்கியவர்கள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள்.

காலையில் ஒரே ஒரு கூம்பின் மேல் ஜெர்மனி ஜிகினாக் காகிதத்தில் மயில் மடித்து வைத்தான். கூட்டம் வாயைப் பிளந்தது. தொட வந்த கைகளையெல்லாம் தடுத்துவிட்டான்.

"நெரப்பறதும் நானே, ஒட்டறதும் நானே. இந்த மயில் மேல வேற ஒரு கை படக் கூடாதுங்க."

அந்த மயில் பொட்டலத்தில்தான், எள்ளுருண்டைக்கு அடியில், அரைஞாண் இருந்தது. காது குத்தும்போது எல்லார் கண்ணும் அழுகிற குழந்தை மேல் இருக்க, அவன் கண் சீர்த்தட்டு மேல் இருந்தது. அடையாளத்துக்கு ஒரு பொட்டு வைத்திருந்தாலே போதும். ஆனால் கைவேலைக்காரனுக்குக் கர்வம் சும்மா இருக்குமா?

பொட்டலத்தை, விசேஷத்துக்கு வந்திருந்த மாதம்மாளிடம் கொடுத்தான். அவள் வீடு அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பாதை முனையில், அவன் ஊர் திரும்பும் வழியிலேயே இருக்கிறது. புருஷன் சாமைக் காட்டுக் காவலுக்குப் போயிருப்பதாகவும், வேறு ஊரில் இருக்கும் புருஷனின் அண்ணன் கருப்பண்ணன் காய்ச்சலில் கிடப்பதாகவும் அவளே சொல்லியிருந்தாள்.

விசேஷ வீட்டுப் பலகாரத்தை இந்த மலையில் யாரும் வழியில் பிரிப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி மாடத்தில் வைத்து, விளக்கேற்றிய பிறகுதான் பிரிப்பார்கள். அதனால்தான் மடியை உதறச் சொன்ன அர்த்தனாரி, ஊரார் பொட்டலங்களை மட்டும் தொடவில்லை. வந்த சில நாளிலேயே இதைத் தெரிந்துகொண்ட பொங்கியண்ணனுக்கு, மலையையே கரைத்துக் குடித்தாகிவிட்டது என்று நினைப்பு.

இந்தச் சில நாளில் காகிதம் வாங்க இறங்கி இறங்கி, முட்டி தேய மலை ஏறி அவனுக்குச் சலித்துவிட்டது. அரைஞாண் மட்டும் கைக்கு வந்தால் சேந்தமங்கலத்தில் ஒரு கடை போட்டு, உட்கார்ந்த இடத்தில் பிழைக்கலாம். அதன்பிறகு ஜென்மத்துக்கும் இந்த மலை ஏற வேண்டாம்.

தண்ணீர் கேட்கிற சாக்கில் மாதம்மாள் வீட்டுக்குப் போனான். சொம்பு நிறையக் கொடுத்தாள். மாடத்திலிருந்து மயில் அவனையே பார்த்தது. அவளோ இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விளக்கு வைத்துவிட்டால் எல்லாம் போயிற்று.

"ஏனுங்கக்கா, வழியில ஒரு சேதி சொன்னாங்க. உங்க ஊட்டுக்காரரோட அண்ணன் தவறிட்டாருங்களாம்."

பொய்ச் சாவு சொன்னால் ஆயுசு கெட்டி என்பார்கள். கருப்பண்ணனுக்குப் புண்ணியம்தான் செய்கிறோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மாதம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவன் முகத்தைத் தொங்கப் போட்டபடி வெளியேறி, கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பலா மரத்துக்குப் பின்னால் பதுங்கினான். அக்கம்பக்கத்தார் வந்தார்கள், போனார்கள்; மர மறைவிலிருந்து அவனுக்குத் தலைகள் மட்டுமே தெரிந்தன. கடைசியில் அவள் புருஷனைத் தேடிச் சாமைக் காட்டுப் பக்கம் ஓடினாள். பொங்கியண்ணன் வீட்டுக்குள் நுழைந்தான்.

மாடத்தில் விளக்கு இருந்தது. மயில் இல்லை.

அடுக்குப் பானை, குதிர் ஒன்று விடாமல் துழாவினான்.

"என்னங்க தேடறீங்க?"

பக்கத்து வீட்டுப் பாவாயி வாசலில் நின்றாள். தான் மடித்த மயிலைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்ததாகச் சமாளித்தான்.

"அது இங்க இல்லீங்க. சாவுத் தீட்டு வந்த ஊட்டுல விசேச ஊட்டுப் பலகாரம் இருக்கக் கூடாதுங்க. குடுத்த ஊட்டுக்கே திருப்பிறணும். எங்க ஊட்டுக்காரர் அப்பவே எடுத்துட்டு ஓடிட்டாரு."

பொங்கியண்ணன் அங்கே அதை என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

"திரும்பி வந்தது சாமிக்கு ஆகாதுங்களே. எல்லாரும் பாக்க வாசல்லயே பிரிச்சு மாட்டுக்குப் போட்டுருவாங்க."

மேலே காளியண்ணன் வீட்டுப் பக்கமிருந்து ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது. அது பாதையோடு இறங்கி வந்துகொண்டிருந்தது.

மயில் மேல் வேறு ஒரு கையும் படவில்லை என்பதற்கு, காலையில் கூட்டத்தில் நின்ற அத்தனை பேரும் சாட்சி.