கணவர் பெயர்

தோட்டத்து டிஸ்பென்சரி மேசையில கிடந்த அந்த ஆஸ்பத்திரிக் கடதாசியை நான் பாத்திருக்கவே கூடாது. பாத்துட்டேன்.

பெயர்: ஜீவராணி. வயது: முப்பத்தெட்டு. கணவர் பெயர்: கந்தப்பன்.

அது என் புருஷன் பேரு.

வேற யாரோன்னு மனசைத் தேத்திக்கவும் வழியில்ல. கீழ கையெழுத்து இருக்கு. முதல் எழுத்துக்கு வால் நீட்டி, இருபத்தஞ்சு வருசமா நான் பாக்குற அதே கையெழுத்து.

கட்டின நாள்லேருந்து அந்தப் பேரை நான் வாயால சொன்னதில்ல. எங்க பக்கம் பொம்பளைங்க சொல்ல மாட்டோம். கிளினிக்ல கேட்டாக்கூட வரிசையில பக்கத்துல நிக்கிறவதான் நமக்காகச் சொல்லுவா. நான் சொல்லக் கூசுற பேரை இவ தனக்குப் புருஷன்னு எழுதி வச்சிருக்கா.

மிட்வைப் ஸில்மியா மிஸ் உள்ள போன நேரம் பாத்து அதை மடிச்சு எடுத்துட்டு வெளிய வந்துட்டேன். பிரஷர் மாத்திரை வாங்க வந்ததே மறந்து போச்சு.

கடதாசியில தேதி போன மாசம். அப்பதான் பண்டாரவளையில சங்கக் கூட்டம், மூணு நாளாகும்னு சொல்லிட்டுப் போன மனுசன். நானும் ரொட்டி சுட்டுக் கட்டிக் கொடுத்தேன், மடச்சி.

அதுவும் யாரோட? ஜீவராணியோட. மீரியபெத்த மண்சரிவுல சொந்தபந்தம் அத்தனையும் பறிகொடுத்துட்டு எங்க தோட்டத்துக்கு வந்தவ. அன்னையிலேருந்து, கூடக் கொழுந்து பறிக்கிற துஷாந்தினியோட லயத்து வீட்டுல ஒரே காம்பரா, ஒரே அடுப்பு, ஒரே பாய். ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியாத்தான் இருக்காங்கன்னு லயத்துல எல்லாருக்கும் தெரியும். மூஞ்சிக்கு நேரா யாரும் சொல்றதில்ல, அவ்வளவுதான்.

நான் சொல்லியிருக்கேன். எட்டு மாசம் இருக்கும். முப்பத்தஞ்சும் அதுக்கு மேலயும் வயசான பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பை சோதனைன்னு கிளினிக் வச்சாங்க. இவளும் வந்து நின்னா. ஆம்பளை வாடையே படாதவளுக்கு இங்க என்ன சோலின்னு கேட்டேன். வரிசை மொத்தமும் சிரிச்சுச்சு. மிஸ்ஸும் புருஷன் பேரு இல்லாத ஃபாரத்தைப் பாத்துட்டு, கல்யாணம் ஆகலைன்னா அவசரமில்ல, அப்புறம் பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. அவ திரும்பிப் போயிட்டா.

ஆம்பளையே வேணாம்னு இருந்தவளுக்கு என் ஆம்பளைதான் கெடச்சானா?

சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அவங்க காம்பராவுக்கே போனேன். மயிரைப் பிடிச்சு வாசலுக்கு இழுக்கணும்னுதான் போனேன்.

ஜீவராணி பாயில கெடந்தா. ஆளு பாதியா இளைச்சிருந்தா. ஒரு மாசமா வேலைக்கு வரலை, காய்ச்சல்னு சொல்லிக்கிட்டாங்க. வயித்தைச் சுத்தித் துணி கட்டியிருந்துச்சு. துஷாந்தினி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டிருந்தா.

கடதாசியை அவங்க முன்னால எறிஞ்சேன். "இது என்னடி?"

துஷாந்தினி அதைப் பாத்தா. கரண்டியைக் கீழ வச்சிட்டு மெதுவாச் சொல்ல ஆரம்பிச்சா. ஜீவராணிக்குக் கர்ப்பப்பையில புற்று. உதிரம் நிக்காம போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கா. உடனே ஒப்பரேசன் பண்ணணும், புருஷனோ சொந்தக்காரங்களோ கையெழுத்துப் போடணும்னு கேட்டிருக்காங்க.

"நான் போடுறேன்னேன்க்கா. நீ இவளுக்கு யாருன்னாங்க. நான் என்னன்னு சொல்ல?"

கங்காணிகிட்ட லீவு சொல்லணுமேன்னு, சங்கத்து ஆளாச்சேன்னு என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கா. அவரு என்கிட்ட சங்கக் கூட்டம்னு சொல்லிட்டு அடுத்த பஸ்ஸப் பிடிச்சு வந்து, ஃபாரத்தை வாங்கி, புருஷன்னு போட்ட இடத்துல தன் பேரை எழுதிட்டாராம். மூணு நாளும் வார்டுக்கு வெளிய பெஞ்சுலயே கெடந்தாராம். நான் கட்டிக் கொடுத்த ரொட்டியைத் துஷாந்தினியும் தின்னிருக்கா.

ஆனாலும் கோவம் முழுசா அடங்கல. ஊருக்கு மறைக்கட்டும், என்கிட்ட எதுக்கு மறைக்கணும்னு கேட்டேன்.

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ஜீவராணிதான் சொன்னா.

"அந்தக் கிளினிக் அன்னைக்கே சோதிச்சிருந்தா கர்ப்பப்பையை எடுக்காமலே குணமாக்கியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாருக்கா. அண்ணனும் பக்கத்துலதான் நின்னாரு. இது தெரிஞ்சா எம் பெரியாயி தாங்க மாட்டா, சொல்லிடாதீங்கன்னாரு."

வாசப்படியிலயே உக்காந்துட்டேன். துஷாந்தினி எந்திரிச்சுப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊத்திட்டு வந்தா. பாவி மக, எனக்குப் போய்.

அடுத்த கிளினிக் வந்துச்சு. துஷாந்தினிக்கும் முப்பத்தஞ்சு ஆயிருச்சு. வரவே மாட்டேன்னா. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் எனக்கு முன்னால நிறுத்தினேன்.

"கணவர் பெயர்?" மிஸ் தலையை நிமிராமலே கேட்டாங்க.

அவ குனிஞ்சுக்கிட்டா. பின்னால யாரோ சிரிக்க ஆரம்பிச்சாங்க. பக்கத்துல நின்னது நான்தான்.

"கந்தப்பன்னு எழுதுங்க மிஸ்."

சிரிப்பு அப்படியே நின்னுருச்சு. மிஸ் பேனாவை வச்சிட்டு என்னையே பாத்தாங்க. குரலைத் தாழ்த்தி, "இந்தப் பேரை ஏற்கெனவே ரெண்டு பேருக்கு எழுதியிருக்கே அக்கா"ன்னாங்க.

"அவரேதான் மிஸ். இந்த வரிசையில இன்னும் யாருக்காவது பேரு இல்லைன்னா, அவங்களுக்கும் அதையே எழுதுங்க."