நாலாவது துணி

துப்பாக்கியின் வாயில் பாட்டிலைச் செருகி நான் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் பின்பக்கமாகத் துணி சுற்றிய கம்பியை உள்ளே விட்டார்.

பாட்டில் என் யோசனை. தண்ணீர் குடித்துவிட்டுத் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பாட்டில்தான். குழாயைக் கழுவ ஊற்றும் சால்வன்ட்டும் கறுத்த துணியும் அதற்குள்ளேயே விழுந்துவிடும். தரையில் ஒரு சொட்டு இருக்காது.

பொம்மனஹள்ளியில் வெள்ளை டைல்ஸ் போட்ட வீடு கிடைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் காலையில் சமையலைப் போட்டுவிட்டு நான் எதிரில் வந்து உட்கார்ந்தது டைல்ஸுக்காக இல்லை.

என் வீட்டுக்காரர் மறுபடி குடிக்கிறாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞானசேகரன் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது பொம்மசந்திராவில் ஒரு வங்கி வாசலில், சொந்த ரைஃபிளோடு காவல் நிற்கிறார். முன்பெல்லாம் மடியில் வைத்தே துடைப்பார், லுங்கியில் கறை படாது. மூன்று மாதமாக மூடியில் சால்வன்ட் ஊற்றினால் பாதி வெளியே போகிறது. மேசையில் டம்ளர் வைத்தால் விளிம்பிலிருந்து விழுகிறது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார்.

நாலு வருடம் முன்பும் இப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு மாதா கோயிலில் சத்தியம் பண்ணி விட்டுவிட்டார். நானும் அதை ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நேற்று கேட்டேவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

பதினோரு மணிக்கு அவரை வேலைக்கு வைத்த செக்யூரிட்டி ஏஜென்சி ஆட்கள் துப்பாக்கியைச் சோதிக்க வங்கிக்கு வருகிறார்கள். கழற்றிய போல்ட்டை என்னிடம் கொடுத்திருந்தார். அது இல்லாவிட்டால் ரைஃபிள் வெறும் குழாய்தான். போல்ட்டைப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் வாய்க்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். சால்வன்ட் நெடியில் வேறு எதுவும் பிடிபடவில்லை. அது இன்னும் சந்தேகத்தைக் கிளப்பியது.

முதல் துணி கரியாக விழுந்தது. இரண்டாவது சாம்பல் நிறம். மூன்றாவது கிட்டத்தட்ட வெள்ளை. நாலாவதைத் தள்ளியவர் பாதியில் நிறுத்தி, கம்பியை வெளியே உருவினார்.

ரைஃபிளை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினார். வழக்கம்போல இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணால் குழாய்க்குள் பார்த்தார்.

“கண்ணாடி மாதிரி இருக்கு, குளோரி.”

பாட்டிலைப் பார்த்தேன். மூன்று துணிதான் கிடந்தது. கம்பியின் நுனியிலும் ஒன்றுமில்லை.

ரைஃபிளை வாங்கி நானும் உள்ளே பார்த்தேன்.

ஒரே இருட்டு. நாலாவது துணி நடுக்குழாயை அடைத்துக்கொண்டு இருந்தது.

மூடி, டம்ளர், கதவு நிலை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நேற்று நான் பேசிய பேச்சும் வந்தது. என் வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

கம்பியை எடுத்து நானே தள்ளினேன். துணி பாட்டிலுக்குள் சொத்தென்று விழுந்தது.

அந்தச் சத்தம் அவருக்குப் புரிந்துவிட்டது.

“குடிக்கிறான்னா ஏஜென்சில திட்டி விட்டுடுவாங்க. வலது கண்ணு போச்சுன்னா வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் நீயும் குடின்னே நெனச்சுக்கோன்னு இருந்துட்டேன்.”

பிறகு போல்ட்டுக்காகக் கையை நீட்டினார். அவர் விரல்கள் என் மடிக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொண்டன. உள்ளே எதுவும் இல்லை.

போல்ட்டைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் கைக்கு எட்டியிருக்கும். நான் நகர்த்தவில்லை. போல்ட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பேப்பர் கிழிந்து, நைட்டியெல்லாம் எண்ணெயானது.